முன்குறித்தது யாரை: உன்னையா, உங்களையா?

கேள்வி சுருக்கமாக இதுதான். வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுலின் கடிதங்களான ரோமர் 8, 9, எபேசியர் 1 ஆகிய இடங்களில் "முன்குறித்தார்", "தெரிந்துகொண்டார்" என்று வருகிறது. உலகம் உண்டாகும் முன்பே தேவன் உன்னைப் பெயர் சொல்லித் தெரிந்துகொண்டார் என்கிறார் உங்கள் போதகர். அதெல்லாம் சபை என்கிற கூட்டத்தைப் பற்றியது, தனி ஆளைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை என்கிறார் உங்கள் மச்சான். யார் சொல்வது சரி, தனி ஆள்தான் என்றால் என் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முக்கால்வாசி உங்கள் மச்சான் பக்கம். ஆனால் "பேச்சே இல்லை" என்கிறாரே, அந்த இடத்தில் அவரோடு போக முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன மொழிச் சிக்கல். நம் பழைய வேதாகமத்தில் "தெரிந்துகொண்டார்" என்றால் தேர்ந்தெடுத்தார் என்று பொருள். இன்றைய பேச்சில் தெரிந்துகொள்வது என்றால் அறிந்துகொள்வது. வேதபாட வகுப்பில் இளம்பிள்ளைகள் "உலகத்தோற்றத்துக்கு முன்னே நம்மைத் தெரிந்துகொண்டபடியே" என்பதைப் படித்துவிட்டு, "ஓ, நம்மைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும்" என்று புரிந்துகொள்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே இடத்தில் "தேர்ந்தெடுத்தார்" என்று நேராகச் சொல்லிவிடுகிறது. "ஜாதி" என்ற சொல்லும் அப்படித்தான், அங்கே அது இனம், நாடு என்ற பொருளில் வருகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

சரி, முன்குறித்தல். கிரேக்கத்தில் "புரோரிட்ஸோ" என்ற வினை. முன்கூட்டியே எல்லை வகுத்து வைப்பது என்று சொல்லலாம், நாம் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோமே, அந்தக் "குறி" இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் ஆறே இடங்களில்தான் வருகிறது: அப்போஸ்தலர் 4:28, ரோமர் 8:29, 8:30, 1 கொரிந்தியர் 2:7, எபேசியர் 1:5, 1:11. இவ்வளவு பெரிய சண்டைக்கு ஆறு இடம்! அந்த ஆறில் இரண்டு, ஆட்களைப் பற்றியதே இல்லை. அப்போஸ்தலரில் வருவது இயேசுவின் சிலுவைப்பாட்டைப் பற்றி, ஏரோதும் பிலாத்தும் கூடிச் செய்தது தேவன் முன்பே தீர்மானித்ததுதான் என்று ஜெபத்தில் சொல்கிறார்கள். கொரிந்தியரில் முன்குறிக்கப்பட்டது தேவனுடைய ஞானம். மிச்சம் நான்கு.

அந்த நான்கிலும் யாரை என்பதைவிட எதற்கு என்பதில்தான் பவுலுக்கு அக்கறை. ரோமர் 8:29-இல் "தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பதற்கு" முன்குறித்தார். எபேசியர் 1:5-இல் "சுவிகாரபுத்திரராகும்படி" முன்குறித்தார், அதாவது தத்துப்பிள்ளைகள் ஆகும்படி. விசுவாசிக்கும்படி இன்னாரை முன்குறித்தார் என்று ஓரிடத்திலும் இல்லை. நரகத்துக்கு முன்குறித்தார் என்று இந்தச் சொல்லை வைத்து யாரும் காட்ட முடியாது. (1 பேதுரு 2:8-இல் இடறுகிறவர்கள் அதற்கென்றே "நியமிக்கப்பட்டவர்கள்" என்று வருகிறதே என்று யாராவது கேட்பார்கள். வருகிறது, ஆனால் வேறு வினை, அதுவும் இடறுவதற்கு நியமித்தாரா, கீழ்ப்படியாதவர் இடறுவார் என்பதை நியமித்தாரா என்று அங்கேயே ஒரு தனி வழக்கு ஓடுகிறது.) போய்ச் சேரும் ஊர் குறிக்கப்பட்டிருக்கிறது. வண்டியில் ஏறுகிறவர் பட்டியலும் கூடவே குறிக்கப்பட்டதா என்பதுதான் சண்டை, அதை இந்தச் சொல் மட்டும் தீர்த்து வைக்காது.

நான்கு இடத்திலும் பன்மைதான் வருகிறது, ஆகவே கூட்டம்தான் என்று மச்சான் சொல்லக்கூடும். அந்த வாதத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். "வகுப்பில் எல்லாரும் தேறிவிட்டார்கள்" என்பதும் பன்மைதான், ஆனால் பரீட்சை எழுதியது ஒவ்வொருவரும் தனித்தனியாக. பன்மையை வைத்துக் கூட்டம் என்று நிரூபிக்க முடியாது.

அதைவிட நல்ல சாட்சி எபேசியர் முதல் அதிகாரத்திலேயே கிடக்கிறது, அதுவும் தமிழில் படிக்கிறவருக்குச் சும்மா கிடைக்கிற சாட்சி. கிரேக்கத்தில் "நாம்" என்பதற்கும் "நாங்கள்" என்பதற்கும் ஒரே சொல். கேட்கிறவரைச் சேர்த்தா விலக்கியா என்று அந்தச் சொல் காட்டாது. தமிழில் மொழிபெயர்க்கிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும், தப்பிக்க வழியில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பு என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். நான்காம், ஐந்தாம் வசனங்களில் "நம்மைத் தெரிந்துகொண்டபடியே", "நம்மை... முன்குறித்திருக்கிறார்". பதினோராம் வசனத்துக்கு வந்ததும் திடீரென்று "கிறிஸ்துவின்மேல் முன்னே நம்பிக்கையாயிருந்த நாங்கள்", அடுத்ததில் "நாங்கள் முன்குறிக்கப்பட்டு". பதின்மூன்றில் "நீங்களும்" சத்திய வசனத்தைக் கேட்டு, விசுவாசித்து, முத்திரை போடப்பட்டீர்கள்.

ஏன் நாம் நாங்களாக மாறுகிறது? "முன்னே நம்பிக்கையாயிருந்த" என்பதை மேசியாவுக்காகக் காத்திருந்த யூதர்கள் என்று மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்திருக்கிறார்கள், "நீங்களும்" என்பது எபேசுவில் இருந்த புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள். இது ஒன்றே சரியான வாசிப்பு என்று சொல்லவில்லை, பவுல் எல்லாரையும் சேர்த்தே பேசுகிறார் என்பவர்களும் உண்டு. ஆனால் இந்த வாசிப்பு அடுத்த இரண்டு அதிகாரங்களோடு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டாம் அதிகாரத்தில் நடுச்சுவர் இடிகிறது, இருதிறத்தாரும் ஒரே புதிய மனுஷனாகிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் புறஜாதியாரும் உடன்சுதந்தரர் என்பதுதான் மறைந்திருந்த இரகசியம் என்று பவுலே சொல்கிறார். ஆக முதல் அதிகாரத்தின் முன்குறித்தல், "என் பெயர் இருக்கிறதா" என்ற கேள்விக்குப் பதிலாக எழுதப்படவில்லை. நேற்று வந்த இந்தக் கிரேக்கர்கள் கடைசி நேரத்தில் ஒட்டிக்கொண்டவர்களா, இல்லை தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருந்தவர்களா என்ற கேள்விக்குத்தான் அது பதில். தொடக்கத்திலிருந்தே இருந்தவர்கள் என்கிறார் பவுல்.

அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்தால் இன்னொன்றும் காதில் விழும். "கிறிஸ்துவுக்குள்", "அவருக்குள்", "பிரியமானவருக்குள்" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் வந்துகொண்டே இருக்கிறது. கிரேக்கத்தில் 3 முதல் 14 வரை ஒரே வாக்கியம், மூச்சு விடாமல். முதலில் தெரிந்துகொள்ளப்பட்டவர் கிறிஸ்து, மற்றவர்கள் அவருக்குள் இருப்பதால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள். ஏசாயா 42:1-இல் தேவன் "தெரிந்துகொண்டவர்" என்று சுட்டுவது தம் தாசனை, ஒருமையில். கார்ல் பார்த் என்ற சுவிஸ் இறையியலாளர் 1942-இல் இதைப் பற்றி எழுதியபோது வரிசையையே மாற்றிப் போட்டார்: முதலில் இயேசு கிறிஸ்துவின் தெரிந்துகொள்ளப்படுதல், அடுத்து சமூகம், தனி மனிதன் கடைசியில். அவர் போய்ச் சேர்ந்த எல்லா முடிவுகளோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வரிசை மட்டும் எபேசியரைப் படிக்கிறவருக்குச் சரியாகத்தான் படும்.

இனி ரோமர் 9. உண்மையான சண்டைக்களம் இதுதான்.

"யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்". இந்த இரட்டைப் பிள்ளைகள் பிறக்கவும் இல்லை, "நல்வினை தீவினை ஒன்றும்" செய்யவும் இல்லை, அதற்குள் ஒருவனுக்கு அன்பு ஒருவனுக்கு வெறுப்பு. தமிழ்க் காதுக்கு இது உடனே தலையெழுத்து என்று கேட்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டுமென்றே வினை என்ற சொல்லைப் போட்டார்களோ என்னவோ, அது கச்சிதமாக விழுந்திருக்கிறது, ஏனென்றால் பவுல் மறுப்பதும் அதைத்தான். முன்வினையும் இல்லை, இவ்வினையும் இல்லை, அழைக்கிறவர்தான் காரணம் என்கிறார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற இறையியலாளருக்கு இது பொறுக்கவில்லை, தேவன் அநியாயக்காரர் ஆகிவிடுவாரே என்று பயந்து, யாக்கோபு இந்தப் பிறப்புக்கு முன்னான வாழ்வில் சம்பாதித்த தகுதியால்தான் நேசிக்கப்பட்டான் என்று விளக்கம் கொடுத்தார். கேட்டால் நம்மூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னது போலவே இருக்கும். சபை அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

ஆனால் பவுல் அங்கே எடுக்கிற இரண்டு மேற்கோள்களும் எங்கிருந்து வருகின்றன என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். "மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்" என்பது ஆதியாகமம் 25:23. அந்த வசனம் தொடங்குவதே "இரண்டு ஜாதிகள் உன் கர்ப்பத்தில் இருக்கிறது" என்றுதான். ரெபெக்காளிடம் சொல்லப்பட்டது இரண்டு குழந்தைகளைப் பற்றியல்ல, இரண்டு இனங்களைப் பற்றி. தனி மனிதனாக ஏசா ஒருநாளும் யாக்கோபைச் சேவித்ததாகக் கதையில் இல்லை. நடந்தது நேர் எதிர்: 33-ஆம் அதிகாரத்தில் யாக்கோபுதான் அண்ணன் முன்னால் ஏழு தரம் தரையில் குனிந்து கும்பிடுகிறான், உமது அடியான் உமது அடியான் என்கிறான். சேவித்தது ஏசாவின் சந்ததியார், தாவீதின் காலத்தில், 2 சாமுவேல் 8:14-இல் ஏதோமியர் எல்லாரும் தாவீதுக்குக் கீழே வருகிறார்கள். அடுத்த மேற்கோள் மல்கியா 1. அது யாக்கோபும் ஏசாவும் செத்துப் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது, அங்கே பேச்சு ஏதோம் நாட்டின் மலைகள் பாழாய்க் கிடப்பதைப் பற்றி.

"வெறுத்தேன்" என்பதும் எபிரெய வழக்கில் நாம் நினைக்கிற அளவுக்கு எரிகிற சொல் இல்லை. யாக்கோபின் மனைவி லேயாளைப் பற்றி ஆதியாகமம் 29:31-இல் அதே வேர்ச்சொல்தான் வருகிறது, நம் மொழிபெயர்ப்பு அங்கே "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று இறக்கிப் போட்டிருக்கிறது. ஒருத்தியை முன்னே வைத்தான், இன்னொருத்தியைப் பின்னே தள்ளினான், அவ்வளவுதான். அப்புறம், உபாகமம் 23-ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஏதோமியனை அருவருக்காதே, அவன் உன் சகோதரன், மூன்றாம் தலைமுறையில் அவன் பிள்ளைகள் கர்த்தருடைய சபையில் சேரலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது. "வெறுக்கப்பட்ட" இனத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்குக் கதவு திறந்தேதான் இருந்தது.

பழைய ஏற்பாட்டில் இது எங்கும் இப்படித்தான் ஓடுகிறது. தெரிந்துகொள்ளப்பட்டது இஸ்ரவேல் என்ற ஜனம், அதுவும் எண்ணிக்கையில் பெரியது என்பதால் இல்லை, எல்லாரிலும் கொஞ்சமாக இருந்தது என்கிறது உபாகமம் 7. ஆனால் எரிகோவின் ராகாப் உள்ளே வருகிறாள், அதே பக்கங்களில் யூதா கோத்திரத்து ஆகான் வெளியே போகிறான். மோவாபியப் பெண் ரூத் தாவீதின் பூட்டியாகிறாள். பார்வோன் கதையில்கூட, யாத்திராகமம் 9:20-இல் பார்வோனுடைய ஊழியக்காரரிலேயே சிலர் கர்த்தருடைய வார்த்தைக்குப் பயந்து, கல்மழைக்கு முன் தங்கள் ஆட்களையும் மாடுகளையும் வீட்டுக்குள் ஓட்டி வந்துவிடுகிறார்கள். எகிப்தியன் என்பதால் யாருக்கும் கதவு பூட்டியிருக்கவில்லை. ரோமர் 9-இல் குயவனும் களிமண்ணும் வருகிறதே, அந்தப் படம் எரேமியா 18-இல் எப்படி முடிகிறது என்று பாருங்கள்: நான் பிடுங்குவேன் என்று சொன்ன ஜாதி திரும்பினால், நானும் செய்ய நினைத்த தீங்குக்கு மனஸ்தாபப்படுவேன் என்கிறார் தேவன். அந்தக் குயவனின் கையில் மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

இதுவரை மச்சானுக்கு வெற்றிதான். இனி அவர் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம்.

பவுல் எதற்காக இந்த ஏதோம், குயவன் கதையெல்லாம் எடுக்கிறார்? 9:6-இல் சொல்லிவிடுகிறார்: "இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலரல்லவே". கூட்டத்துக்குள்ளேயே பிரிக்கிறார். இனம் முழுதாகத் தெரிந்துகொள்ளப்பட்டது, ஆனால் அதில் சிலர் விசுவாசித்தார்கள், பலர் விசுவாசிக்கவில்லை, அப்படியானால் தேவனுடைய வார்த்தை பொய்த்துப்போயிற்றா என்பது அவருக்கு முன்னால் நிற்கிற கேள்வி. என் சகோதரருக்காக நானே சபிக்கப்பட்டவனாகலாமே என்று அழுகிறாரே, அந்த அழுகை நாடுகளின் அரசியல் பங்கைப் பற்றியதாக இருக்க முடியுமா? இரட்சிக்கப்படுவதைப் பற்றித்தான். அதனால் "ரோமர் 9 வெறும் வரலாற்றில் நாடுகள் வகித்த பங்கைப் பற்றியது, இரட்சிப்பைப் பற்றியதல்ல" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 9:24-இல் "யூதரிலிருந்து மாத்திரமல்ல, புறஜாதிகளிலுமிருந்து" அழைத்தார் என்கிறார். ஒரு கூட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை, இரண்டு கூட்டங்களிலிருந்தும் ஆட்களை எடுக்கிறார். 9:18-இல் "எவன்மேல்", "எவனை" என்று ஒருமை.

அமெரிக்காவில் வில்லியம் கிளைன் 1990-இல் கூட்டத் தெரிந்துகொள்ளுதலை விரிவாக வாதிட்டு எழுதியபோது, 1993-இல் தாமஸ் ஷ்ரைனர் இதையெல்லாம் வைத்துத்தான் மறுத்தார். அவருடைய கேள்விகளில் ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது: ஆள் இல்லாத கூட்டம் என்று ஒன்று உண்டா? வெறும் வரையறையையா தேவன் நேசித்தார்?

ரோமர் 8:30-ம் அப்படித்தான். முன்குறித்தார், அழைத்தார், நீதிமான்களாக்கினார், மகிமைப்படுத்தினார் என்று சங்கிலி போல வருகிறது. நீதிமான் ஆக்கப்படுவது, ரோமர் 4-இல் ஆபிரகாமுக்கு நடந்தது போல, ஒவ்வொருவருக்கும் நடக்கிற காரியம். சங்கிலியின் நடுவளையம் தனி ஆளுக்கு, முதல் வளையம் மட்டும் கூட்டத்துக்கு என்று சொன்னால் கொஞ்சம் இடிக்கிறது. மறுபக்கம், அந்தச் சங்கிலி தொடங்குகிற "முன்னறிந்தார்" என்ற அதே வினை 11:2-இல் மறுபடி வருகிறது, அங்கே முன்னறியப்பட்டது "தம்முடைய ஜனங்கள்", அதாவது இஸ்ரவேல், அந்த ஜனத்தில்தான் பலர் இடறிக் கிடக்கிறார்கள். பவுலை ஒரு மூலையில் பிடித்து நிறுத்துவது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆதிகாலத்து ஆட்களுக்குத் தனி மனிதன் என்ற நினைப்பே கிடையாது, எல்லாம் குலம் கோத்திரம்தான், தனி மனிதன் மேற்கத்தியர் கண்டுபிடிப்பு என்று ஒரு பேச்சு உண்டு. அரைகுறை உண்மை. பிதாக்கள் திராட்சக்காய் தின்றதால் பிள்ளைகள் பல் கூசும் என்று இனிச் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் 18 ஆள் ஆளாகக் கணக்குப் பார்க்கிறது. சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் கிடைத்த சுருள்களில் ஒளியின் பிள்ளைகள், இருளின் பிள்ளைகள் என்று முன்தீர்மானத்தைப் பற்றியே எழுதிவைத்திருக்கிறார்கள், அது கூட்டம்தான், ஆனால் ஒவ்வொருவனுக்குள்ளும் எந்த ஆவி எவ்வளவு என்றும் யோசித்திருக்கிறார்கள்.

யோவான் 6:37-இல் இந்த இரண்டும் ஒரே வசனத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன, தமிழில் அது இன்னும் அழகாகத் தெரியும். "பிதாவானவர் எனக்குக் கொடுக்கிறயாவும் என்னிடத்தில் வரும், என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." முதல் பாதி அஃறிணை: யாவும், வரும். இரண்டாம் பாதி உயர்திணை ஒருமை: வருகிறவனை. மொழிபெயர்ப்பாளரின் கை நழுவவில்லை, கிரேக்கத்திலேயே அப்படித்தான், முதலில் அஃறிணைப் பாலில் மொத்தமாக ஒரு பொருள், பிறகு ஒரு ஆள். கொடுக்கப்படுவது மொத்தம், வருவது ஒருவன். ஆனால் ஏழு வசனம் தள்ளி "பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்கிறார், அது சுத்தமாக ஒருமை. அப்போஸ்தலர் 13:48-ம் மச்சானுக்குத் தலைவலிதான்: பிசீதியாவின் அந்தியோகியாவில் "நித்தியஜீவனுக்கு நியமிக்கப்பட்டவர்கள் எவர்களோ அவர்கள் விசுவாசித்தார்கள்". தங்களைத் தாங்களே ஆயத்தப்படுத்திக்கொண்டவர்கள் என்று அந்த வினையை வேறு விதமாக வாசிக்க முடியும் என்பார்கள், முடியும்தான், ஆனால் இழுத்துப் பிடித்து வாசிப்பது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தைப் போதகர் பக்கமே விட்டுவிடுகிறேன்.

தனி ஆள் என்ற வாசிப்பு எப்போது இவ்வளவு பலம் பெற்றது என்றால் வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீனில் இருந்துதான். முதலில் அவரும் தேவன் ஒருவனுடைய விசுவாசத்தை முன்பே கண்டு தெரிந்துகொள்கிறார் என்றுதான் நினைத்தார். 397 வாக்கில் மிலானின் சிம்பிளிசியானு கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, ரோமர் 9 அவரைப் புரட்டிப் போட்டது. மனித சித்தத்தின் சுதந்திரத்துக்காகப் போராடினேன், தேவ கிருபை ஜெயித்துவிட்டது என்று முதிர்ந்த வயதில் அவரே எழுதிவைத்தார். அங்கிருந்து பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின், அவருக்குப் பின் அவர் கருத்தை மறுத்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியு, 1610-இல் அவருடைய சீடர்களின் ஐந்து கட்டுரைகள், அதை மறுத்த 1618-19 டோர்ட் மாநாடு. அந்தக் கதையைச் சொல்லப் போனால் விடிந்துவிடும். ஒன்று மட்டும்: கால்வின் கூட்டத் தெரிந்துகொள்ளுதலை அறியாதவர் இல்லை. இஸ்ரவேல் இனம் முழுதும் தெரிந்துகொள்ளப்பட்டதை முதலில் சொல்லிவிட்டு, அதற்குள் இரண்டாவது, இன்னும் குறுகிய ஒரு தெரிந்துகொள்ளுதல் தனி ஆட்களுக்கு உண்டு என்றுதான் அவர் போகிறார். ஆர்மீனியுவோ, யாக்கோபும் ஏசாவும் இரண்டு வகை ஆட்களுக்கு அடையாளம் என்றார், கிருபையை விசுவாசத்தால் பிடிக்கிறவர்கள் ஒரு வகை, கிரியையால் சம்பாதிக்கப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. இன்று கூட்ட வாசிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு இவர்தான் பாட்டனார்.

எனக்கு இது ரேஷன் கார்டு மாதிரி படுகிறது, சிரிக்காதீர்கள். அரிசி ஒதுக்கப்படுவது கார்டுக்கு. கார்டில் ஒரு குடும்பத் தலைவர் பெயர் இருக்கிறது. மற்றவர்கள் அந்தக் குடும்பத்தில் இருப்பதால் பங்கு பெறுகிறார்கள்: பிறந்தால் பெயர் சேர்க்கிறார்கள், கல்யாணமாகி வந்தால் சேர்க்கிறார்கள், பெயர் நீக்கமும் நடக்கிறது. "எனக்கு அரிசி ஒதுக்கியிருக்கிறதா" என்று ஒரு மருமகள் கேட்டால், "இந்தக் கார்டில் இருந்தால் உண்டு" என்பது முழுமையான பதில். அதேசமயம் அவள் பெயரும் அதில் எழுத்தில் இருக்கிறது, "அட்டைக்குத்தான் அரிசி, உனக்கு இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஷ்ரைனரின் கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. அந்தக் கூட்டம் ஆளே இல்லாத கூட்டமாக ஒருநாளும் இருந்ததில்லை, முதல் பெயர் தலைவருடையது, கிறிஸ்துவுடையது. மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் பெயரைச் சேர்ப்பது யார், கேட்டு விண்ணப்பிக்கிறவரா, அதிகாரியா என்று கேட்டால் பழைய சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

நித்தியஜீவனைப் பெறுகிறவர்களின் பெயர் எழுதிய ஜீவபுஸ்தகம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறது. வெளிப்படுத்தல் 17:8-இல் உலகத்தோற்றம் முதல் அதில் பெயர் எழுதப்படாதவர்கள் என்று வருகிறது, பெயர் என்றாலே தனி ஆள்தானே. ஆனால் 3:5-இல் ஜெயங்கொள்ளுகிறவனுடைய பெயரைக் கிறுக்கிப்போடமாட்டேன் என்கிறார், கிறுக்கிப்போட முடியாத புத்தகம் என்றால் இந்த வாக்குறுதிக்கே வேலை இல்லை. மோசேயும் பொன் கன்றுக்குட்டிப் பாவத்துக்குப் பிறகு, ஜனத்தை மன்னியும், இல்லாவிட்டால் என் பெயரைக் கிறுக்கிப்போடும் என்று கெஞ்சுகிறார். பவுல் ரோமர் 9-இன் தொடக்கத்தில் அழுவது அதே குரலில்தான்.

ரோமர் 11-இல் ஒலிவமரம் வருகிறது. மரம் ஒன்றுதான், அது வெட்டப்படவில்லை. கிளைகளில் சில முறிக்கப்பட்டன, காட்டு ஒலிவக் கிளை ஒட்டவைக்கப்பட்டது. இந்த இடத்தில் பவுல் சட்டென்று ஒருமைக்கு மாறிவிடுகிறார்: "நீ" பெருமை பாராட்டாதே, "நீ" அந்தத் தயவில் நிலைத்திருந்தால் தயவு கிடைக்கும், இல்லாவிட்டால் "நீயும்" வெட்டுண்டுபோவாய், அவர்களும் அவிசுவாசத்தில் நிலைத்திராவிட்டால் மறுபடி ஒட்டவைக்கப்படுவார்கள். ஒன்பதாம் அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டுப் பதினொன்றுக்கு முன் புத்தகத்தை மூடுகிறவர்களிடம் நான் அதிகம் வாதம் செய்வதில்லை. 9-இல் அழிவுக்கு ஆயத்தமான பாத்திரங்கள் என்று பார்த்த அதே ஆட்களை 11-இல் திரும்ப ஒட்டவைக்கப் பார்க்கிறார் பவுல். எபேசியர் 2:3-இல் தன்னையும் சேர்த்தே கோபாக்கினையின் பிள்ளைகளாயிருந்தோம் என்கிறார், இறந்தகாலத்தில். யார் எந்தப் பாத்திரம் என்று சூளையிலேயே முத்திரை குத்தியாகிவிட்டது என்றால் இந்த வாக்கியங்களுக்கு இடமே இல்லை.

ஆக, போதகரிடம் சொல்லுங்கள்: எபேசியர் 1-ஐ எடுத்துத் தனித்தனிப் பெயர்ப்பட்டியலாக வாசிப்பது அந்த அதிகாரத்துக்குக் குறுகலாக இருக்கிறது. மச்சானிடம் சொல்லுங்கள்: கூட்டம் மட்டும்தான் என்றால் ரோமர் 16:13-இல் "கர்த்தருக்குள் தெரிந்துகொள்ளப்பட்ட ரூபையும்" என்று ஒரு மனிதனைப் பெயர் சொல்லிப் பவுல் வாழ்த்துகிறாரே, அவன் யார்? அங்கேயும் "கர்த்தருக்குள்" என்று ஒட்டிக்கொண்டுதான் வருகிறது, அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி மிச்சம் இருக்கிறது: என் பெயர் இருக்கிறதா என்று எப்படித் தெரியும். இதற்கு நான் ஆர்மீனியு பக்கத்து ஆளிடம் போகவில்லை, கால்வினிடமே போகிறேன். தெரிந்துகொள்ளப்பட்டேனா என்று தேவனுடைய இரகசிய ஆலோசனைக்குள் எட்டிப் பார்க்கப் போகிறவன் அடியில்லாத பள்ளத்தில் விழுவான், கிறிஸ்துவே கண்ணாடி, அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொள் என்று அவர் எழுதினார். தனி ஆள் என்று அவ்வளவு உறுதியாக நின்றவரே பட்டியலைத் தேடாதே என்கிறார். ராத்திரியில் அந்தக் கேள்வி மறுபடி வந்தால் ரோமர் 9-ஐத் திறக்க வேண்டாம், யோவான் 6:37-இன் இரண்டாம் பாதியைப் படியுங்கள். முதல் பாதி அவருக்கும் பிதாவுக்கும் நடுவில் இருக்கிற பேச்சு, உங்களைப் பார்த்துச் சொன்னது இரண்டாவதுதான்.